வெள்ளச்சியின் கழுத்தில் ஒரு பட்டாணி

உங்கள் உயரம் என்ன, எடை என்ன என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். உங்கள் வீட்டுப் பூனையின் எடை எவ்வளவு என்று கேட்டால்? பெரும்பாலோர் விழிப்பீர்கள். காரைக்காலில் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவிக்கு அது தெரிந்திருந்தது. அவ்வாறு தெரிந்திருந்ததால்தான் அவள் வீட்டுப் பூனை இன்றும் திண்ணையில் படுத்து வெயில் காய்கிறது. அதுமட்டுமன்று, அதே வீட்டில் வேறொருவருக்கும் அதனால் நன்மை விளைந்தது. அந்தக் கதையையும் அதற்குள் மறைந்திருக்கும் அறிவியலையும் இப்போது காண்போம்.

தடைக்காலத்தில் மெலிந்த பூனை

அந்த மாணவியின் தந்தை மீன் வியாபாரி. வீட்டுப் பூனையின் பெயர் வெள்ளச்சி. வயது 13. பூனைக்கு அது முதுமைப் பருவம்.

எங்கள் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு விதித்துள்ள தடைக்காலம் அது. அந்நாட்களில் துறைமுகப் பூனைகள் சற்று மெலிந்து போவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே வெள்ளச்சி மெலிந்தபோது வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்த மாணவிக்கு மட்டும் ஐயம். ஒரு நாள் மாலை என்னிடம் வந்தாள்.

"சார், மீன் இல்லாம இளைச்சிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அது முன்னைவிட ரெண்டு பங்கு சாப்பிடுது. தட்டை வச்சதும் காலியாயிடுது. ராத்திரியெல்லாம் தூங்காம கத்துது சார்."

"இளைச்சிடுச்சுன்னு கண்ணால பாத்துச் சொல்றியா, அளந்து பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். தந்தையின் மின்னணுத் தராசில் வெறுங்கூடையை முதலில் வைத்து எடை பார்க்கிறாள். பின்பு பூனையைக் கூடையில் இட்டு மூடி எடை பார்க்கிறாள். இரண்டையும் கழித்தால் பூனையின் எடை. ஞாயிறுதோறும் காலையில் தீனி வைப்பதற்கு முன் இதைச் செய்திருக்கிறாள். முதல் ஞாயிறன்று 3.2 கிலோ. ஆறு வாரங்களுக்குப் பின் 2.8 கிலோ.

400 கிராம்தானே என்று எண்ண வேண்டாம். 3.2 கிலோவில் 400 கிராம் என்பது எட்டில் ஒரு பங்கு. 48 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் ஆறே வாரத்தில் 6 கிலோ இழந்தால் வீட்டில் பேசாமல் இருப்பார்களா? எப்போதும் எண்ணை மட்டும் பார்க்காமல் அது எத்தனையில் எத்தனை என்று பார்க்க வேண்டும். இது அளவியலின் முதல் பாடம்.

பூனை ஒரு பத்து வாட் விளக்கு

நான் இயற்பியல் ஆசிரியன். கால்நடை மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஆற்றல் அழிவின்மை விதி தெரியும். உண்ணும் உணவிலிருந்து வரும் ஆற்றல் எங்கும் மாயமாய் மறைந்துவிடாது. ஒன்று செலவாக வேண்டும், அல்லது உடலில் சேமிப்பாகத் தங்க வேண்டும், அல்லது செரிக்காமல் வெளியேற வேண்டும்.

நான்கு கிலோ எடையுள்ள ஒரு பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி தேவை. இதை ஜூலாக மாற்றி, ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுத்துப் பாருங்கள். 10 வாட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது திண்ணையில் சுருண்டு கிடக்கும் பூனை, இரவும் பகலும் எரியும் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்குக்குச் சமம்!

வரவு இருமடங்கு, ஆனால் சேமிப்போ கரைகிறது. அப்படியானால் செலவு ஏறியிருக்க வேண்டும், அல்லது எங்கோ ஒழுக வேண்டும். குடற்புழு, நீரிழிவு, குடல் நோய், தைராய்டு மிகை ஆகிய எதுவும் இதற்குக் காரணமாகலாம். எது என்று கண்டறிவது இயற்பியலின் வேலையன்று. "நோட்டோட கால்நடை டாக்டர்கிட்ட போம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

மருத்துவர் நோட்டைப் படித்தார். பூனையின் தலையை மெல்ல நிமிர்த்தி, மூச்சுக்குழலின் இருபுறமும் விரல்களை வைத்து மேலிருந்து கீழாக வருடினார். ஒருபுறத்தில் பட்டாணி அளவில் ஏதோ ஒன்று விரலுக்கு அகப்படாமல் வழுக்கி ஓடியது. இதயமோ நிமிடத்துக்கு 240 தடவைக்கு மேல் துடித்தது. இரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். தைராய்டு ஹார்மோன், இருக்க வேண்டிய மேல் வரம்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருப்பதாக முடிவு வந்தது.

கழுத்துக் கட்டிகள் பலவகை

பூனையின் கழுத்தில் கட்டி என்றாலே தைராய்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தெருவில் திரியும் கடுவன்கள் சண்டையிட்டுக் கடித்துக்கொள்ளும். பல் நுழைந்த துளை சிறியது. மேல்தோல் விரைவில் மூடிக்கொள்ள, உள்ளே கிருமி பெருகிச் சீழ் கட்டிவிடும். இத்தகைய கட்டி இரண்டு மூன்று நாட்களில் திடீரென வீங்கும், தொட்டால் சூடாக இருக்கும், வலிக்கும். பூனை சோர்ந்து தீனி தின்னாது.

தாடைக்கடியில் வீங்குவது நிணநீர் முடிச்சாக இருக்கலாம். உமிழ்நீர் கசிந்து தேங்கிய மென்மையான வீக்கமாகவும் இருக்கலாம். மீன்முள்ளோ நூல் கோத்த ஊசியோ தொண்டையில் சிக்கியதால் வந்த வீக்கமும் உண்டு. புற்றுக் கட்டிகளும் உண்டு.

தைராய்டுக் கட்டியோ வேறு விதம். கழுத்தின் கீழ்ப் பகுதியில், மூச்சுக்குழலை ஒட்டி, வலியின்றி, மெல்ல வளரும். நலமான பூனையின் தைராய்டு விரலுக்குத் தட்டுப்படுவதே இல்லை. தட்டுப்பட்டால் அது பருத்திருக்கிறது என்று பொருள். நல்ல வேளையாக, பூனைகளின் தைராய்டுக் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே புற்றுநோய். மற்றவை பரவாத சாதாரணக் கட்டிகள்.

தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும்

தைராய்டு சுரப்பி நமக்கும் பூனைக்கும் கழுத்தின் முன்புறம் இருக்கிறது. நமக்கு அது வண்ணத்துப்பூச்சியைப் போன்று இரு மடல்கள் இணைந்தது. பூனைக்கு மூச்சுக்குழலின் இருபுறமும் தனித்தனி மடல்கள். இது சுரக்கும் தைராக்சின் என்னும் ஹார்மோன்தான் உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் "இவ்வளவு வேகமாக எரி" என்று கட்டளையிடுகிறது. தைராக்சின் மூலக்கூறு ஒன்றில் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. எடைக் கணக்கில் அம்மூலக்கூறில் 65 விழுக்காடு அயோடினே! ஆகவே அயோடின் இல்லையேல் தைராக்சின் இல்லை.

சரி, இச்சுரப்பியை அளவோடு வேலை செய்ய வைப்பது யார்? உங்கள் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டியில் நீர் குறைந்தால் தானியங்கி சுவிட்ச் மோட்டாரைப் போடுகிறது. நிறைந்தால் நிறுத்துகிறது. நம் உடலில் தொட்டி என்பது இரத்தம். நீர் என்பது தைராய்டு ஹார்மோன். மோட்டார் என்பது தைராய்டு. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியே சுவிட்ச். சுவிட்சிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் போன்றது டி.எஸ்.எச். என்னும் தூண்டும் ஹார்மோன்.

இதில் இரண்டு விதக் கோளாறுகள் நேரலாம்.

முதலாவது, கிணற்றில் நீரே இல்லை. மோட்டார் இரவு பகலாக ஓடியும் தொட்டி நிறைவதில்லை. சுவிட்ச் அணைவதே இல்லை. அயோடின் குறைவில் நிகழ்வது இதுதான். ஓயாமல் தூண்டப்படும் தைராய்டு, உழைக்கும் தசையைப்போல் பருத்துப் பருத்துக் கழலையாகிறது. கழலை பெரிது, ஹார்மோனோ குறைவு!

இரண்டாவது, சுவிட்சுக்குக் கட்டுப்படாத இரண்டாம் மோட்டார் ஒன்று தானாக ஓடத் தொடங்கிவிட்டது. தொட்டி வழிகிறது. சுவிட்ச் முதல் மோட்டாரை நிறுத்திவிட்டது. ஆனாலும் வழிவது நிற்கவில்லை. வெள்ளச்சிக்கு நேர்ந்தது இதுதான். அந்தப் பட்டாணிதான் கட்டுக்கடங்காத இரண்டாம் மோட்டார். நலமாயிருந்த தைராய்டுப் பகுதி வேலையின்றி உறங்கிவிட்டது. இந்த "உறக்கத்தை" நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

1979-க்கு முன் எங்கே இருந்தது?

பூனைகளின் இந்நோய்க்கு ஒரு புதிரான வரலாறு உண்டு. 1979-ஆம் ஆண்டில்தான் நியூயார்க் நகரத்து விலங்கு மருத்துவ மையத்தைச் சேர்ந்த மார்க் பீட்டர்சன் குழுவினர் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தனர். அடுத்த ஆண்டு பாஸ்டன் நகரிலிருந்தும் அறிக்கை வந்தது. அதன்பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முதிய பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படும் ஹார்மோன் நோய் இதுவே என்றாயிற்று. 2009-இல் வெளியான ஹாங்காங் ஆய்வொன்றில், 10 வயதைக் கடந்த பூனைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு இந்நோய் உடையவை எனத் தெரிந்தது.

நோய் உண்மையிலேயே புதிதாகத் தோன்றியதா? அல்லது முன்பும் இருந்து, யாரும் தேடவில்லையா? மருத்துவ வசதியால் பூனைகள் நீண்ட நாள் வாழ்வதும், இரத்தச் சோதனைகள் பெருகியதும் ஒரு பங்கு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்று ஆராய்ச்சியாளர் பலர் ஒப்புவதில்லை.

டப்பாவில் அடைத்த பூனை உணவைப் பெரிதும் உண்டு வாழ்ந்த பூனைகளிடம் இந்நோய் அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டின. உணவில் அயோடின் ஏறி இறங்குவது காரணமாகலாம் என்பது ஒரு கருத்து. இன்னொன்றும் உண்டு. 1970-களிலிருந்து மெத்தை நுரையிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் எளிதில் தீப்பற்றாமலிருக்க புரோமின் கலந்த வேதிப்பொருள்களைச் சேர்த்து வந்தார்கள். அவை மெல்லத் தூசியாக உதிரும். தரையில் படுத்து எழுந்து மயிரை நக்கும் பூனை, அத்தூசியை நாள்தோறும் விழுங்குகிறது. புரோமினும் அயோடினும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம். இவ்வேதிப்பொருள்களின் அமைப்பு தைராக்சினைப் பெரிதும் ஒத்தது! இவற்றுள் சிலவற்றை 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

எனினும், பூனை நோய்க்கு இதுதான் காரணம் என்று எந்த ஒன்றும் இன்னும் நிறுவப்படவில்லை. இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. இதை விஞ்ஞானம் பயிலும் நீங்கள் மறக்கலாகாது. வெள்ளச்சி டப்பா உணவையே கண்டதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

ஆனால் பூனை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது நல்லது. 1950-களில் ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவை அடுத்த மீனவ ஊர்களில் பூனைகள் தள்ளாடி, துள்ளி விழுந்து மடிந்தன. மனிதர்களின் நோய் 1956-இல் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்டது. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக இருவரையும் தாக்கியிருந்தது. நம் வீட்டில், நம் காற்றில், நம் தட்டில் மிஞ்சியதை உண்டு வாழும் உயிர் பூனை. அதற்கு வருவது நமக்கும் ஓர் அறிவிப்பாக இருக்கக்கூடும்.

ஒரு கேள்வியில் பிறந்த வைத்தியம்

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். 1936 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத் தலைவர் கார்ல் காம்ப்டன், உயிரியலுக்கும் மருத்துவத்துக்கும் இயற்பியல் என்ன செய்ய முடியும் என்ற பொருளில் மருத்துவர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். செயற்கைக் கதிரியக்கம் கண்டறியப்பட்ட புதிது அது. கேட்டுக்கொண்டிருந்த சால் ஹெர்ட்ஸ் என்னும் தைராய்டு மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: அயோடினைக் கதிரியக்கம் உடையதாகச் செய்ய முடியுமா?

எவ்வளவு எளிய கேள்வி! உடலில் அயோடினைத் தேடித் தேடிச் சேர்ப்பது தைராய்டு. கதிரியக்க அயோடினைக் கொடுத்தால் அதுவும் தைராய்டுக்கே போய்ச் சேருமல்லவா? ஹெர்ட்ஸும், ஆர்தர் ராபர்ட்ஸ் என்னும் இயற்பியலாளரும் முதலில் முயல்களிடம் சோதித்தனர். 1938-இல் லிவிங்குட், சீபோர்க் இருவரும் அயோடின்-131 ஐசோடோப்பைக் கண்டறிந்தனர். 1941-இல் ஹெர்ட்ஸ் தைராய்டு மிகை நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார்.

இன்று அதே அயோடின்-131 பூனைகளுக்கும் பயன்படுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கெனத் தனி விலங்கு மருத்துவ நிலையங்கள் உள்ளன. ஒரே ஊசியில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட பூனைகள் குணமடைகின்றன. எப்படி?

அயோடின்-131 பீட்டாத் துகள்களையும் காமாக் கதிர்களையும் வெளிவிடுகிறது. பீட்டாத் துகள் திசுவில் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் செல்லாது. ஆகவே அது சேர்ந்த இடத்தை மட்டுமே அழிக்கும். எங்கே சேரும்? முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த "உறக்கம்" இப்போது உதவுகிறது. சுவிட்ச் அணைந்து உறங்கும் நல்ல பகுதி அயோடினை வாங்குவதில்லை. வெறி கொண்டு ஓடும் கட்டிதான் வாங்குகிறது. தன் பேராசையாலேயே அது அழிகிறது! பின்பு, உறங்கிய பகுதி மெல்ல விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும்.

காமாக் கதிரின் ஆற்றல் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இது உடலைத் துளைத்து வெளியே வருவதால், அயோடின் எங்கே சேர்ந்தது என்று வெளியிலிருந்தே கருவியால் படம் பிடிக்கலாம். இதன் பொருட்டே ஊசி போட்ட பூனையைச் சில நாட்கள் தனியே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இதன் அரை ஆயுள் 8 நாட்கள். 8 நாளில் பாதி, 16 நாளில் கால், 80 நாளில் 1024-இல் ஒரு பங்கு என்று தேய்ந்துவிடும். நம் நாட்டில் மனிதர்க்கான மருத்துவத்துக்கு வேண்டிய அயோடின்-131, டிராம்பே அணு உலையில் டெல்லூரியத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்தி உண்டாக்கப்படுகிறது.

வெள்ளச்சிக்கு மாத்திரை வைத்தியம்தான் நடக்கிறது. தைராய்டு அயோடினை ஹார்மோனாக மாற்றவிடாமல் தடுக்கும் மருந்து அது. கட்டியை அழிக்காது, சுரப்பை மட்டும் அடக்கும். ஆகவே ஆயுள் முழுதும் கொடுக்க வேண்டும், இடையிடையே இரத்தமும் சிறுநீரகமும் சோதிக்க வேண்டும். மூன்று மாதங்களில் எடை 3.1 கிலோவுக்கு மீண்டது. இரவுக் கத்தலும் நின்றது. இத்தகைய மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லாமல் நீங்களாகக் கொடுக்கவே கூடாது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும்!

அப்பாயியின் கழுத்து

கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் ஒரு நாள் அந்த மாணவி தயங்கித் தயங்கி இன்னொரு கேள்வி கேட்டாள்.

"சார், இது பூனைகிட்டேருந்து மனுஷங்களுக்கு ஒட்டுமா? எங்க அப்பாயிக்கும் கழுத்துல வீக்கம் இருக்கு."

ஒட்டாது என்றேன். ஆனால் அன்று மாலையே அவள் வீட்டுக்குச் சென்றேன். அப்பாயி முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். சித்திரை வெயிலிலும் குளிருகிறது என்றார்.

"இது முப்பது வருஷமா இருக்கு தம்பி. வலி ஒண்ணும் இல்ல. சோறு இறங்குது, போதாதா? எனக்கு எதுக்கு டாக்டரு?" என்றார்.

"வெள்ளச்சிக்கும் வலி இல்லைதானேம்மா. அதை மட்டும் கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போனீங்களே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். மறுவாரம் பேத்தியுடன் மருத்துவமனைக்குப் போனார்.

சோதனையில் டி.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தது, தைராக்சின் குறைந்திருந்தது. பூனைக்கு நேர் எதிர்! ஒரே வீட்டில், ஒரே சுரப்பியில், ஒன்றுக்குத் தொட்டி வழிந்தது, மற்றவருக்குத் தொட்டி காய்ந்தது. இருவர் கழுத்திலும் கட்டி. நாள் முழுதும் சோர்வு, குளிர், மலச்சிக்கல், மறதி எல்லாவற்றையும் அப்பாயி "வயசாயிடுச்சு" என்றே ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை. இளமையில் அயோடின் போதாமையால் கழலை தோன்றியிருக்கலாம். உடலின் தற்காப்புப் படையே தைராய்டைத் தாக்கும் நோயாகவும் இருக்கலாம். எது என்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர்.

கடலோரத்தில் அயோடின் இல்லையா?

"கடல் பக்கத்துலேயே இருக்கோம், கடல் உப்பைத்தான் தின்கிறோம். அயோடின் எப்படி சார் குறையும்?" என்று கேட்டாள் மாணவி. நல்ல கேள்வி. ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அயோடினோ சுமார் 60 மைக்ரோகிராம்தான். அந்த அயோடின் முழுவதும் உப்புடனேயே தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் இருக்கும். நமக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். எட்டில் ஒரு பங்குகூட முழுதாகக் கிடைக்காது! உண்மையில் அதுவும் கிடைப்பதில்லை. எங்களுக்குத் தெற்கே வேதாரண்யம் உப்பளங்களில் பாத்தியில் உப்பு படிகமாகும்போது, அயோடினில் பெரும்பகுதி எஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. அந்நீரை வடித்துவிடுகிறார்கள். ஆகவே வெறும் கல்லுப்பு கடலிலிருந்து வந்தது என்பதால் மட்டும் அயோடின் உப்பு ஆகிவிடாது. கடல் மீனில் அயோடின் உண்டு. ஆனால் மீன் எல்லா நாளும் எல்லார் தட்டிலும் இருப்பதில்லை.

உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையுமா என்பதை நம் நாட்டிலேயே சோதித்துக் காட்டினார்கள். 1956-இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அப்பகுதியை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் சாதாரண உப்பும் மற்ற இரண்டில் அயோடின் சேர்த்த உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்புப் பகுதியில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. அயோடின் இல்லாத உப்பை மக்கள் நேரடியாக உண்பதற்கென விற்பது 2006 மே முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அயோடின் குறைந்தால் மூளை வளர்ச்சியே குன்றும் என்பதால், இது கழுத்தின் அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று.

கடையில் விற்கும் உப்பில் பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது கிராமுக்கு 15 மைக்ரோகிராம். 10 கிராமுக்கு 150! கணக்கு எவ்வளவு சரியாக வருகிறது பாருங்கள். ஆனால் 2018-19 தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 76 என்றிருக்க, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 62 மட்டுமே. மாநிலங்களில் அதுவே கடைசி. உப்பு விளையும் மண்ணுக்கு இந்த நிலை! விளையும் இடத்திலேயே உப்பு மலிவாக மூட்டையில் கிடைப்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

அப்பாயி வீட்டு அடுப்படியில் பார்த்தேன். கருவாடு போட வாங்கிய மூட்டை உப்புதான் சமையலுக்கும் எடுக்கப்பட்டு வந்தது. இப்போது கருவாட்டு உப்பு தனி, குழம்பு உப்பு தனி.

நீங்களும் செய்யலாம்

1. உங்கள் பூனையை மாதம் ஒருமுறை கூடையிலிட்டு எடை பார்த்துக் குறித்து வையுங்கள். உடனே வரைபடம் வரையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கால்நடை மருத்துவரைக் காணுங்கள்.

2. பூனை உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்தை அழுத்திப் பார்க்க வேண்டாம். பூனைக்கும் நல்லதன்று, உங்கள் கைக்கும் நல்லதன்று!

3. வீட்டு உப்புப் பையில் அயோடின் சேர்க்கப்பட்டது என்ற குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். உப்பை மூடியுள்ள பாத்திரத்தில் ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். அயோடின் வேண்டும் என்பதற்காக உப்பை அதிகம் உண்ண வேண்டாம். அயோடின் உப்பு என்பது உப்பை மாற்றுவதற்கே, கூட்டுவதற்கன்று.

4. அயோடின் சோதனைக் குப்பி கிடைத்தால் ஆசிரியர் துணையுடன் வகுப்பில் ஒவ்வொருவர் வீட்டு உப்பையும் சோதியுங்கள். அதிலுள்ள அமிலமும் அயோடைடும் உப்பின் அயோடேட்டுடன் வினைபுரிந்து அயோடினை விடுவிக்கும். அது கஞ்சியுடன் சேர்ந்து நீலமாகும். நிறம் வராத வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஒருவர் நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் வீதம் 70 ஆண்டுகளில் உட்கொள்ளும் அயோடின் மொத்தம் எவ்வளவு என்றும் கணக்கிடுங்கள். நான்கு கிராமுக்கும் குறைவாக வரும். ஒரு தேக்கரண்டியை நிரப்பாத இந்த அளவுதான் ஓர் ஆயுளின் சுறுசுறுப்பைத் தீர்மானிக்கிறது.

அந்த மாணவியின் நோட்டில் இப்போது இரண்டு வரைபடங்கள் உள்ளன. ஒன்றில் வெள்ளச்சியின் எடை. மற்றொன்றில், ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் இறங்கிவரும் அப்பாயியின் டி.எஸ்.எச். உங்கள் நோட்டில் முதல் புள்ளியை இந்த ஞாயிறன்றே வைக்கலாமே!